சிப்பிப்பாறை நாய்க்கு ஓட்டப் பயிற்சி: வண்டியோடு கட்டி ஓட்டுவதை நிறுத்த வேண்டுமா?

செவலைக்காரன் | பிப்ரவரி 8

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் 14 மாத வயதுடைய ஆண் சிப்பிப்பாறை நாய் இருக்கிறது. செவலை நிறம், எடை 19 கிலோ. மதுரையில் ஒரு மாடி வீட்டில் வாடகைக்கு இருக்கிறோம். நாயை அவிழ்த்துவிடத் தோட்டமோ வெளியோ கிடையாது. வேட்டை இனம், ஓட்டம் இல்லாமல் வளர்த்தால் கெட்டுவிடும் என்று குட்டியை வாங்கிய நாளிலிருந்தே பலரும் சொன்னார்கள். அதனால் அதற்கு 9 மாதம் ஆனதிலிருந்து தினமும் காலையில் பைக்கின் பின்கம்பியில் கயிற்றைக் கட்டி, புறவழிச்சாலையில் 5 கிலோமீட்டர் ஓட்டி வந்தேன். வேகம் மணிக்கு 25 கிலோமீட்டர் இருக்கும்.

முதல் இரண்டு மாதம் நன்றாக இருந்தது. வீட்டுக்கு வந்ததும் தண்ணீர் குடித்துவிட்டுத் தூங்கிவிடும். பிறகு அரை மணி நேரத்திலேயே எழுந்து தலையணையைக் கிழிப்பது, கதவில் பாய்வது, மாடிக் கைப்பிடிச் சுவரில் முன்கால்களை வைத்துத் தெருவில் போகும் ஒவ்வொரு வண்டிக்கும் குரைப்பது என்று ஆரம்பித்தது. களைப்பு போதவில்லை என்று நினைத்து 8 கிலோமீட்டராக்கினேன். அடங்கவில்லை, அதிகமாகியது. போன வாரம் தரையில் ரத்தக் கறையைப் பார்த்துக் காலைத் தூக்கிப் பார்த்தபோது, பின்னங்கால்களின் உள்ளங்கால் தோல் தேய்ந்து இளஞ்சிவப்பாக இருந்தது. நான்கு நாளாக ஓட்டவில்லை. வீட்டின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை.

இந்த இனத்துக்கு 8 கிலோமீட்டர் எம்மாத்திரம், 12 ஆக்கு என்கிறார் என் மைத்துனர். கூட்டுவதற்கு முன் அனுபவம் உள்ளவர்களிடம் கேட்டுவிடலாம் என்று எழுதுகிறேன். எவ்வளவு தூரம், வாரத்துக்கு எத்தனை நாள், எந்த முறையில் ஓட்ட வேண்டும்?

கரிசல்மண் | பிப்ரவரி 8

தம்பி, தூரத்தைக் கூட்ட வேண்டாம். வண்டியை இன்றோடு நிறுத்திவிடுங்கள். காரணத்தையும் சொல்கிறேன்.

எங்கள் வீடு சாத்தூர்ப் பக்கம். கன்னி என்ற வேட்டை நாயும் சிப்பிப்பாறையும் தாத்தா காலத்திலிருந்து வாசலில் இருந்தவை. இந்த நாய்களைப் பற்றி நகரத்தில் ஒரு தவறான எண்ணம் பரவியிருக்கிறது. நாள் முழுவதும் ஓடப் பிறந்த நாய் என்று நினைக்கிறார்கள். தாத்தா காலத்தில் அவை எப்படி வேலை செய்தன என்பதைப் பார்த்தவர்களிடம் கேட்டால் வேறு விதமாகச் சொல்வார்கள். விடியும் முன்பே கயிற்றில் பிடித்துக்கொண்டு காட்டுக்குப் புறப்படுவார்கள். கரிசல் காட்டில் வரப்பு வரப்பாக இரண்டு மூன்று மணி நேரம் நடைதான். நாய் மோப்பம் பார்க்கும், நிற்கும், காதை நிமிர்த்தித் தூரத்தைப் பார்க்கும், மறுபடி நடக்கும். முயல் எழும்பினால் நாலுகால் பாய்ச்சல், அதுவும் ஒரு நிமிடம், மிஞ்சினால் இரண்டு நிமிடம். அதற்குள் முயல் பிடிபடும் அல்லது புதருக்குள் போய்விடும். பிறகு நாய் நிழலில் படுத்துவிடும், அன்றைக்கு இன்னொரு ஓட்டம் இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. வெயில் ஏறுவதற்குள் வீடு திரும்பி, கம்பங்கூழோ மோர்ச்சோறோ குடித்துவிட்டு மாலை வரை திண்ணையில் சுருண்டு கிடக்கும்.

முயல் வேட்டை 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின்படி குற்றம், அதை யாரும் திரும்பச் செய்ய வேண்டும் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. நீண்ட நடை, குறுகிய பாய்ச்சல், நீண்ட ஓய்வு என்ற வரிசைக்காகவே இந்த உடம்பு தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுக்கப்பட்டது. குறுகிய இடுப்பும் ஆழமான நெஞ்சும் மெலிந்த காலும் அந்த வேலைக்கு வாய்த்தவை. வேட்டையை விட்டுவிட்டாலும் அந்த வரிசையை விடாமல் பயிற்சியை அமைக்கலாம்.

வண்டியில் கட்டி ஓட்டும்போது நடப்பது இதற்கு நேர் எதிரானது. வேகத்தை நீங்கள் முறுக்கும் கைப்பிடி தீர்மானிக்கிறது, நாய் தீர்மானிப்பதில்லை. சிறுநீர் கழிக்க நிற்க முடியாது, முள் குத்தினால் சொல்ல முடியாது, மூச்சு வாங்கினாலும் கயிறு இழுக்கும். உங்கள் பார்வையும் சாலையில்தான் இருக்கும், நாயின் முகத்தில் இருக்காது. இருபது ஆண்டுகளுக்கு முன் நானும் இந்தத் தவற்றைச் செய்தவன். கருப்பும் பழுப்புமாக ஒரு கன்னிப் பெண் நாய், மொபெட்டில் கட்டி ஓட்டிக்கொண்டிருந்தேன். கிடை ஆடுகள் சாலையைக் கடந்தன. நாய் ஒரு பக்கம் விலக, வண்டி இன்னொரு பக்கம் போக, கயிறு பின்சக்கரத்தில் சுற்றிக்கொண்டது. முன்காலின் உட்புறத்தில் மேலே இருக்கும் ஒற்றை நகம் வேரோடு பிடுங்கப்பட்டுத் தோலில் தொங்கியது. அந்த நாய் கத்தவே இல்லை. நான் வண்டியை நிறுத்திக் கயிற்றை அறுக்கும் வரை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. அன்றிலிருந்து என் வீட்டு நாய் எதையும் சக்கரம் உள்ள எதிலும் கட்டியதில்லை.

வீட்டில் அடங்கவில்லை என்பதற்கும் பதில் இதில்தான் இருக்கிறது. தினமும் 8 கிலோமீட்டர் ஓடிப் பழகிய நாய்க்கு 8 கிலோமீட்டர் களைப்பே தராது. உடம்பு தேறிக்கொண்டே போகும். வழியில் எதையும் மோப்பம் பார்க்காமல், எதையும் நின்று கவனிக்காமல் வந்த மனம் மட்டும் பசியோடு வீட்டுக்கு வரும். 12 ஆக்கினால் அதற்கும் தேறும். அப்புறம் 16 ஆக்குவீர்களா?

மருத்துவர்_நெல்லை | பிப்ரவரி 9

நான் கால்நடை மருத்துவர். மேலே ஐயா எழுதியதை முழுமையாக ஏற்கிறேன். மருத்துவக் கோணத்தில் சிலவற்றைச் சேர்க்கிறேன்.

முதலாவது, வயது. நீள எலும்புகளின் நுனியில் இருக்கும் வளர்ச்சிக் குருத்தெலும்பு மூடும் வரை, கடினமான தரையில் ஒரே வேகத்தில் நெடுநேரம் ஓட்டக் கூடாது. சிறிய இனங்களில் அது ஒரு வயதுக்கு முன்பே மூடிவிடும், பெரிய இனங்களில் 18 மாதம் வரைகூட ஆகலாம். 9 மாதத்தில் தார்ச்சாலையில் தொடங்கியது முன்கூட்டிய செயல். நடையில் கோணல் எதுவும் இல்லையென்றாலும் மூட்டுகளை ஒரு முறை கையால் பரிசோதிக்கச் சொல்லுங்கள்.

இரண்டாவது, வெப்பம். நாய்க்கு நம்மைப் போல் உடல் முழுவதும் வியர்ப்பதில்லை. நாக்கை நீட்டி இரைப்பதன் மூலமே அது பெரும்பகுதி வெப்பத்தை வெளியேற்றுகிறது. ஓய்வில் இருக்கும் நாயின் உடல் வெப்பம் ஏறத்தாழ 38.3 முதல் 39.2 டிகிரி செல்சியஸ். பந்தயத்தில் ஓடும் கிரேஹவுண்டு இன நாய் அரை நிமிட ஓட்டத்தின் முடிவிலேயே 41 டிகிரியைத் தொடுவது உண்டு. அது உடனே நிறுத்தப்பட்டுக் குளிர்விக்கப்படுவதால் தாங்கிக்கொள்கிறது. அதே குடும்பத்து உடலமைப்பு கொண்ட நாய் இருபது நிமிடம் நிற்காமல் ஓடினால் என்ன ஆகும் என்பதை எண்ணிப் பாருங்கள். இவ்வினங்கள் பாயும்போது ஒரு சுழற்சியில் இரண்டு முறை நான்கு கால்களும் தரையை விட்டு எழும்புகின்றன. அந்தப் பாய்ச்சலுக்கான தசைகள் மிகுந்த வேகத்தையும் மிகுந்த வெப்பத்தையும் ஒன்றாகவே உண்டாக்குகின்றன.

மூன்றாவதை அழுத்திச் சொல்கிறேன். பழக்கமில்லாத கடும் ஓட்டத்துக்குப் பிறகு தசை இழைகள் சிதைந்து, அவற்றின் நிறமி சிறுநீரகத்தை அடைத்துவிடக்கூடிய ஒரு நிலை உண்டு. ஓட்டம் முடிந்த சில மணி நேரத்திலிருந்து ஓரிரு நாட்களுக்குள் முதுகும் தொடையும் விறைத்து, தொட்டால் வலிக்கும், சிறுநீர் காப்பி டிகாஷன் நிறத்தில் போகும். அதைப் பார்த்தால் காத்திருக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.

ஆழமான நெஞ்சு உள்ள நாய்களுக்கு வயிறு உப்பி முறுக்கிக்கொள்ளும் ஆபத்தும் இருப்பதால், வயிறு நிறைய உண்ட பிறகு ஓடவிடாதீர்கள். ஓட்டத்துக்கு முன் மூன்று மணி நேரமும், ஓடி முடித்து இரைப்பு முழுவதும் அடங்கிய பின் ஒரு மணி நேரமும் இடைவெளி விட்டு உணவு கொடுங்கள்.

நண்பரிடம் மூன்று கேள்விகள். ஈறு என்ன நிறத்தில் இருக்கிறது? ஓடிய நாட்களில் சிறுநீரின் நிறத்தைக் கவனித்தீர்களா? காதுக்குள்ளும் விரல் இடுக்குகளிலும் உண்ணி இருக்கிறதா?

செவலைக்காரன் | பிப்ரவரி 9

ஐயா, மருத்துவர் இருவருக்கும் நன்றி. வண்டி ஓட்டத்தை நிறுத்திவிட்டேன். சிறுநீர் இயல்பாகத்தான் இருக்கிறது. ஈறு சற்று வெளிறியிருப்பதாகத் தோன்றுகிறது, முன்பு பார்த்துப் பழகாததால் ஒப்பிட முடியவில்லை. விரல் இடுக்கில் பார்த்தேன். இடது முன்காலில் இரண்டு, காது மடலுக்குள் ஒன்று என்று மூன்று உண்ணிகள், மிளகளவு பருத்து ஒட்டிக்கொண்டிருந்தன. நாளை ரத்தப் பரிசோதனைக்குக் கொண்டுபோகிறேன்.

ஓட்டக்காரி_கோவை | பிப்ரவரி 10

இந்த விவாதத்தில் ஓர் இடத்தில் மாறுபடுகிறேன். வண்டியில் கட்டி ஓட்டுவது தவறு என்பதில் ஐயமில்லை. ஆனால் இவ்வகை நாய்க்கு நெடுந்தூர ஓட்டமே ஆகாது என்று படிப்பவர்கள் எடுத்துக்கொள்ளக் கூடாது. நான் ஆறு ஆண்டுகளாக என் நாட்டு நாயோடு சேர்ந்து ஓடுகிறேன். தெருவில் எடுத்து வளர்த்த கலப்பினம், அதற்கு இப்போது 7 வயது. இருவரும் நிதானமாக 6 கிலோமீட்டர் ஓடுவோம், இரண்டு பேருக்கும் எந்தக் காயமும் வந்ததில்லை.

மனிதரும் நாயும் ஒரே கயிற்றில் இணைந்து ஓடும் இந்த முறை ஐரோப்பாவில் கேனிகிராஸ் என்ற பெயரில் விளையாட்டாகவே வளர்ந்திருக்கிறது. பனிச்சறுக்கு வண்டி இழுக்கும் நாய்களுக்குப் பனி இல்லாத மாதங்களில் உடல் தளராமல் இருக்கச் செய்த பயிற்சியிலிருந்து வந்தது அது. ஓடுபவரின் இடுப்பில் அகலமான பட்டை, நாய்க்குத் தோள் அசைவைத் தடுக்காத ஹார்னெஸ் (மார்பைச் சுற்றி மாட்டும் வார்), இரண்டையும் இணைக்கச் சுமார் 2 மீட்டர் நீளமுள்ள, சற்றே நீண்டு கொடுக்கும் கயிறு, அவ்வளவுதான் கருவி. கழுத்துப்பட்டையில் கட்டி ஓடவே கூடாது, நாய் முன்னால் பாயும் ஒவ்வொரு முறையும் மூச்சுக்குழாய் நெரிபடும்.

இங்கே வேகம் நம் காலின் வேகம். நான் களைத்தால் நாய்க்கும் ஓய்வு கிடைக்கிறது. அதன் மூச்சு என் காதில் விழுகிறது, வாய் ஓரம் பின்னுக்கு இழுபட்டு நாக்கு கரண்டி போல் அகன்றுவிட்டால் எனக்குத் தெரிகிறது, உடனே நடைக்கு மாறிவிடுவேன். தொடக்கத்தில் ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை என்று மாற்றி மாற்றி 20 நிமிடம் மட்டும் செய்தோம். வாரத்தில் மூன்று நாள், ஒரு நாள் விட்டு ஒரு நாள். 20 நிமிடத்தை 40 ஆக்குவதற்கு நான்கு மாதம் எடுத்துக்கொண்டேன். தசை விரைவில் பழகிவிடும். தசைநாரும் மூட்டும் உள்ளங்கால் தோலும் மெதுவாகத்தான் பழகும், நம் நண்பரின் நாய்க்குத் தோல் தேய்ந்ததும் அதனால்தான்.

1925-இல் அலாஸ்காவின் நோம் நகரத்துக்குத் தொண்டை அடைப்பான் நோய்க்கான மருந்தை நாய்கள் இழுக்கும் பனிச்சறுக்கு வண்டிகளில் கொண்டுபோனபோது, ஆயிரம் கிலோமீட்டருக்கும் அதிகமான அந்தத் தூரத்தை 20 ஓட்டிகளும் சுமார் 150 நாய்களும் பங்கிட்டுக்கொண்டன. எந்த அணியும் முழுத் தூரத்தையும் தனியாக ஓடவில்லை. கடுங்குளிரில், அதற்கென்றே பிறந்த நாய்களுக்கே மாற்று இருந்தது.

வெளிவீதி | பிப்ரவரி 10

எல்லாம் சரி, ஆனால் நம் ஊர் நாய்க்கு இடுப்புப்பட்டை, ஹார்னெஸ் என்று வெளிநாட்டு முறைகள் எதற்கு? நம் முன்னோர் இவற்றையெல்லாம் வைத்துக்கொண்டா நாய் வளர்த்தார்கள்? திறந்த வெளியில் அவிழ்த்துவிட்டால் அதுவே தேவையான அளவு ஓடிவிட்டு வந்துவிடும்.

கரிசல்மண் | பிப்ரவரி 11

வெளிவீதி நண்பருக்கு. நம் முன்னோருக்குச் சுற்றிலும் காடு இருந்தது, நாய்க்கு அந்தக் காடு தெரிந்திருந்தது. அவிழ்த்துவிட்டால் வந்துவிடும் என்பது வளர்ந்த இடத்தில் மட்டும் உண்மை. பார்வையால் விரட்டும் இனம் எதையாவது பார்த்துவிட்டால் அதன் பிறகு காது கேட்காது. நீங்கள் கூப்பிடும் குரல் அதன் தலைக்குள் போகவே போகாது. இது கீழ்ப்படியாமை இல்லை. அதன் முழு உயிரும் கண்ணுக்கு வந்துவிடுகிறது.

கரிசல் பக்கத்தில் கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறுகள் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். என் சித்தப்பாவின் நாய் மயிலைப் பார்த்து விரட்டிப்போய் அப்படி ஒரு கிணற்றில் விழுந்தது. வேலிக் கம்பியில் தொடைத்தோல் ஒரு சாண் கிழிந்து வந்த நாய்களைக் கண்டிருக்கிறேன். இந்த இனத்துக்குத் தோல் மெல்லியது, அடியில் கொழுப்பு மிகக் குறைவு, காகிதம் போல் கிழியும். சீமைக்கருவேல முள் உள்ளங்காலில் ஏறி உள்ளேயே ஒடிந்துகொண்டால் நான்கைந்து நாள் கழித்துச் சீழ் வைத்த பிறகுதான் தெரியும். ஆகவே சுற்றுச்சுவரோ வேலியோ இல்லாத இடத்தில் 10 மீட்டர் நீளக் கயிறு இல்லாமல் விட வேண்டாம். அந்த நீளக் கயிற்றையும் கழுத்தில் மாட்டாமல் ஹார்னெஸில் மாட்டுங்கள், முழு வேகத்தில் கயிறு முடியும்போது விழும் வெட்டு கழுத்தை முறித்துவிடும். ஹார்னெஸ் எந்த நாட்டில் தைத்தது என்பதில் எனக்கு அக்கறை இல்லை. நாய்க்கு வலிக்காமல் இருக்க வேண்டும்.

செவலைக்காரன் | பிப்ரவரி 12

பரிசோதனை முடிவு வந்தது. உண்ணிக் காய்ச்சல் உறுதியாகியிருக்கிறது. ரத்தத் தட்டணுக்கள் மிகவும் குறைந்திருக்கின்றன. 28 நாட்களுக்கு மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.

இந்த நிலையில் நான் அதை நாள்தோறும் 8 கிலோமீட்டர் இழுத்துக்கொண்டு போயிருக்கிறேன். வண்டிச் சத்தம் கேட்டால் வாசலுக்கு ஓடி வந்து நிற்கும், வாலை ஆட்டும், அதனால் நன்றாக இருக்கிறது என்று நம்பினேன். மூன்று நாளாகச் சரியாகத் தூங்கவில்லை.

மருத்துவர்_நெல்லை | பிப்ரவரி 12

நண்பரே, இந்த நோயில் நாய் வெளிப்பார்வைக்கு நலமாக இருக்க, தட்டணுக்கள் மட்டும் குறைந்துகொண்டே போகும் ஒரு கட்டம் உண்டு. அது வாரக் கணக்கிலோ மாதக் கணக்கிலோ நீடிக்கலாம். வால் ஆட்டுவதை வைத்து யாராலும் கண்டுபிடித்திருக்க முடியாது. இப்போதாவது பார்த்துவிட்டீர்கள். மாத்திரையை இடையில் நிறுத்தாமல் 28 நாளும் கொடுங்கள். உணவோடு சேர்த்துக் கொடுங்கள், வெறும் வயிற்றில் வாந்தி வரும். தட்டணுக்கள் இயல்புக்குத் திரும்பியதை இன்னொரு ரத்தப் பரிசோதனையில் உறுதி செய்யும் வரை ஓட்டம் வேண்டாம், காலை மாலை இருபது நிமிட மெதுநடை போதும். மூக்கில் ரத்தம் கசிந்தாலோ வயிற்றுத் தோலில் சிவப்புப் புள்ளிகள் தெரிந்தாலோ அன்றே கொண்டுபோங்கள்.

இழையைப் படிக்கும் மற்றவர்களுக்கும் சொல்கிறேன். ஓட்டப் பயிற்சி தொடங்கும் முன் ஒரு ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். நம் தட்பவெப்பத்தில் உண்ணி ஆண்டு முழுவதும் இருக்கிறது.

திண்ணை | பிப்ரவரி 14

நாய்களுக்குப் பயிற்சி கொடுப்பது என் தொழில். வீட்டுக்குள் அடங்காத நாய் என்று என்னிடம் வருபவற்றில் பாதிக்குமேல் ஓட்டம் குறைந்தவை இல்லை. ஓட்டம் என்றாலே பரபரப்பு என்று மட்டும் கற்றுக்கொண்டவை. ஓட்டத்துக்கு ஒரு தொடக்கமும் ஒரு முடிவும் இருக்கிறது என்பதை நாய்க்குச் சொல்லித்தர வேண்டும். இந்த 28 நாளும் ஓட முடியாது என்பதால் முடிவை முதலில் கற்றுக்கொடுக்கலாம், நல்ல வாய்ப்பு இது.

வீட்டின் ஒரு மூலையில் ஒரு சாக்கையோ பாயையோ விரியுங்கள். நடை முடிந்து வந்ததும் நேராக அங்கே அழைத்துப்போய், நீங்களும் பக்கத்தில் தரையில் அமருங்கள். எதுவும் சொல்ல வேண்டாம். நாய் நிற்கும், சுற்றும், பெருமூச்சு விடும், கடைசியில் இடுப்பைச் சாய்த்துப் படுக்கும். படுத்த அந்தக் கணத்தில் ஒரு சிறு துண்டு கோழிக்கறியை அதன் முன்கால்களுக்கு நடுவே தரையில் வையுங்கள். கையிலிருந்து கொடுத்தால் கையையே பார்த்துக்கொண்டு எழுந்து நிற்கும், தரையில் வைத்தால் தலை தாழும், தலை தாழ்ந்தால் உடம்பும் தளரும். பத்து நாளில் பாயைப் பார்த்ததும் தானாகப் படுக்கத் தொடங்கிவிடும்.

உடல் தேறிய பிறகு துரத்தல் கழி செய்துகொள்ளுங்கள். தோள் உயர மூங்கில் கழி ஒன்று, அதன் நுனியில் கழியைவிடச் சற்று நீளமான பருத்திக் கயிறு, கயிற்றின் முனையில் பழைய துணி முடிச்சு. வெளிநாடுகளில் 1970-களிலிருந்து இயந்திரத்தில் சுழலும் கயிற்றில் பையைக் கட்டி இழுத்து வேட்டை இன நாய்களை ஓடவிடுகிறார்கள். அதன் எளிய வடிவம்தான் இது. துணியைத் தரையோடு தரையாக இழுங்கள், உயரத் தூக்காதீர்கள். உயரத் தூக்கினால் நாய் பின்னங்காலில் எழும்பித் திரும்பி விழும், முழங்கால் சவ்வு அறுவது அந்த நொடியில்தான். வட்டத்தைச் சிறிதாகச் சுற்றாமல் பெரிய வளைவாக, முடிந்தவரை நேர்கோட்டில் ஓடவிடுங்கள்.

நாய் உட்கார்ந்து உங்களைப் பார்க்கும் வரை துணி அசையக் கூடாது. ஓடு என்றதும் பத்து விநாடி ஓட்டம். பிடிக்கவிடுங்கள். ஒருபோதும் பிடிக்க முடியாத துணி நாயைப் பித்துப் பிடிக்க வைக்கும். பிடித்ததும் விடு என்ற சொல்லுக்குத் துணியை விட்டால் ஒரு துண்டு கறி, பிறகு இரண்டு நிமிடம் மெதுநடை. இப்படி நான்கு அல்லது ஐந்து முறை, அதற்குமேல் வேண்டாம். முன்னால் பத்து நிமிட நடை, பின்னால் பதினைந்து நிமிடம் மோப்பம் பார்க்கவிடும் நடை. பந்தைத் திரும்பத் திரும்ப எறிந்துகொண்டே இருப்பதையும் சுவரில் லேசர் ஒளியைக் காட்டுவதையும் தவிர்த்துவிடுங்கள்.

கடற்கரைச்சாலை | மார்ச் 3

சென்னையில் ஒரு சைபீரியன் ஹஸ்கி வைத்திருக்கிறேன், 3 வயது. மாலை 6 மணிக்குக் கடற்கரைச் சாலையில் அதனோடு ஓடுகிறேன். வெயில் தாழ்ந்துவிட்டாலும் இரண்டு கிலோமீட்டருக்குள் படுத்துக்கொள்கிறது, இழுத்தாலும் வருவதில்லை. இழுக்கப் பிறந்த இனம் இப்படிச் செய்வது பிடிவாதமா?

மருத்துவர்_நெல்லை | மார்ச் 3

பிடிவாதம் இல்லை, அது தன்னைக் காப்பாற்றிக்கொள்கிறது. தயவுசெய்து இழுக்காதீர்கள். இரைப்பதன் மூலம் வெப்பம் வெளியேற வேண்டுமென்றால் நாக்கின் ஈரம் ஆவியாக வேண்டும். கடற்காற்றில் ஈரப்பதம் மிகுந்திருக்கும்போது அது எளிதில் ஆவியாவதில்லை. வெயில் இறங்கியதும் தார்ச்சாலை குளிர்ந்துவிடுவதும் இல்லை, பகல் முழுவதும் வாங்கிய வெப்பத்தை மாலையில்தான் திருப்பிக் கொடுக்கும். உங்கள் புறங்கையைச் சாலையில் ஏழு விநாடி வைத்துப் பாருங்கள், வைக்க முடியாவிட்டால் நாயின் காலுக்கும் ஆகாது. ஹஸ்கிக்கு இரட்டை ரோமம் வேறு. விடியற்காலை 5 மணிக்கு, அலை நனைத்த இறுகிய மணலில் நடையும் சிறு ஓட்டமுமாக அரை மணி நேரம் போதும். காய்ந்த மணல் காலைப் புதைத்துத் தசையை இழுக்கும், அதைத் தவிருங்கள். ஏப்ரல், மே மாதங்களில் ஓட்டத்தை விட்டுவிட்டு, வீட்டுக்குள் உணவை ஒளித்து வைத்துத் தேடவிடும் விளையாட்டுகளுக்கு மாறிவிடுங்கள்.

எந்த இனமானாலும், ஓட்டத்தின்போது கால் பின்னினாலோ, ஈறு செங்கல் சிவப்பானாலோ, கெட்டியான எச்சில் ஒழுகினாலோ, வாந்தி வந்தாலோ அது வெப்ப அதிர்ச்சி. முதலில் குளிர்வியுங்கள், பிறகு மருத்துவமனைக்குப் புறப்படுங்கள். நிழலுக்குக் கொண்டுபோய், கிடைக்கும் சாதாரணத் தண்ணீரை உடல் முழுவதும், முக்கியமாக வயிற்றிலும் தொடை இடுக்கிலும் ஊற்றிக்கொண்டே இருங்கள், விசிறுங்கள். ஈரத் துண்டை மேலே போர்த்திவிடாதீர்கள், அது சற்று நேரத்தில் சூடாகி வெப்பத்தை உள்ளேயே பூட்டிவிடும். வாயில் தண்ணீரைத் திணிக்காதீர்கள். எழுந்து நின்றுவிட்டாலும் மருத்துவரிடம் காட்டுங்கள், உள்ளுறுப்புப் பாதிப்பு மறுநாள்கூட வெளிப்படலாம்.

கடற்கரைச்சாலை | மார்ச் 4

நன்றி. இன்று 5 மணிக்குப் போனோம். ஒரு முறைகூடப் படுக்கவில்லை.

செவலைக்காரன் | ஏப்ரல் 27

இரண்டு மாதத்துக்கும் மேல் ஆகிவிட்டது. மாத்திரை முடிந்து மார்ச் மூன்றாம் வாரம் எடுத்த பரிசோதனையில் தட்டணுக்கள் இயல்புக்கு வந்திருந்தன. அதன் பிறகும் மருத்துவர் சொன்னபடி ஒரு வாரம் நடை மட்டும். பாய்ப் பழக்கம் பன்னிரண்டாம் நாளில் வந்தது. இப்போது நடை முடிந்து செருப்பைக் கழற்றுவதற்குள் அது பாயில் இருக்கிறது.

இப்போதைய வழக்கத்தை எழுதுகிறேன், தவறு இருந்தால் திருத்துங்கள். தினமும் காலை 5 மணிக்குக் கண்மாய்க்கரை மண்பாதையில் 50 நிமிட நடை, ஹார்னெஸும் நீளக் கயிறும். அது எங்கே நிற்கிறதோ அங்கே நானும் நிற்கிறேன். செவ்வாயும் வெள்ளியும் என் காலோடு ஒரு நிமிட ஓட்டம், இரண்டு நிமிட நடை, ஆறு சுற்று. ஞாயிற்றுக்கிழமை மட்டும் துரத்தல் கழி. முதலில் நண்பரின் தென்னந்தோப்பில் விடலாம் என்றிருந்தேன். மரங்களுக்கு நடுவே முழு வேகத்தில் ஓடினால் மோதிவிடும் என்று ஐயா தனிச்செய்தியில் எச்சரித்ததால் கைவிட்டேன். அருகில் ஒரு பள்ளி மைதானம், நான்கு பக்கமும் சுற்றுச்சுவர், நிர்வாகத்திடம் எழுதிக் கேட்டு ஞாயிறு காலை ஒரு மணி நேரம் அனுமதி வாங்கியிருக்கிறேன். விடும் முன் மைதானத்தை ஒரு முறை சுற்றி வந்து கண்ணாடித் துண்டும் நெருஞ்சி முள்ளும் பொறுக்குகிறேன். வீட்டுக்கு வந்ததும் நான்கு கால்களையும் விரல் விரலாகப் பிரித்துப் பார்த்துவிட்டுத்தான் மற்ற வேலை. தலையணை எதுவும் கிழிபடவில்லை.

ஒரு சந்தேகம். இந்த மாதத்தில் காலை 6 மணிக்கே அனல் அடிக்கிறது. ஞாயிறு ஓட்டத்தைத் தொடரலாமா?

கரிசல்மண் | ஏப்ரல் 27

அக்கினி நட்சத்திரம் முடியும் வரை கழியை மாடத்தில் வைத்துவிடுங்கள் தம்பி. ஒரு மாதம் ஓடாவிட்டால் எதுவும் குறைந்துவிடாது. நடையை நாலரைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். முதல் மழை விழுந்து மண் இறுகிய பிறகு மூன்று ஓட்டத்தில் தொடங்கி மறுபடி ஐந்துக்கு வாருங்கள்.

செவலைக்காரன் | ஜூன் 15

இன்று மீண்டும் மைதானத்துக்குப் போனோம். இரவு பெய்த மழையில் புழுதி அடங்கியிருந்தது. பத்து நிமிடம் நடந்தோம், சுவரோரமாக எல்லாவற்றையும் மோந்து பார்த்தது. பிறகு மூன்று ஓட்டம். முதல் இரண்டிலும் துணியைப் பிடித்துத் தலையை உதறிவிட்டு, விடு என்றதும் விட்டது. மூன்றாவது ஓட்டத்தில் பாதி தூரம் வந்து, துணி போவதைப் பார்த்துக்கொண்டே வேகத்தைக் குறைத்து, குழாயடியில் ஈரமாக இருந்த மண்ணில் போய் வயிறு படப் படுத்துக்கொண்டது. நாக்கின் ஓரம் சற்றே சுருண்டிருந்தது, கண் என்மேல் இருந்தது. கயிற்றைக் கழியில் சுற்றிவிட்டு, இரைப்பு அடங்கும் வரை நானும் அதன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.